மாட்டுச் சட்டத்துல ஒரு ட்ரோன்

அது மாடு இல்லெண்டு எனக்கும் தெரியும் மிஸ். அறுவத்திரண்டு வயசாகுது, மாட்டையும் மெசினையும் பிரிச்சிப் பாக்கத் தெரியாத ஆளா நான்? ஆனா சட்டத்துல அத எந்தப் பக்கத்துல போடுற எண்டு நீங்க சொல்லுங்க பாப்பம். சொல்ல ஏலாதுதானே? அதுக்கொரு சட்டம் எழுதத்தானே கொழும்புல இரிந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திரிக்கீங்க. மொதல்ல பிளேன்டீயக் குடிங்க, ஆறப் போகுது. ஐயோ, அந்தக் கதிரையில சாயாதீங்க, பின்கால் ஒண்டு இல்ல. கல்லு வெச்சிரிக்கி. இஞ்சால வாங்க, இந்த நீட்டு வாங்குல இரிங்க.

ஓம், அந்தா நாவல் மரத்தடியில வெள்ளையா நிக்கிதே, அதுதான். கயிறா? கயிறு கட்டாம என்ன செய்யிற? பறந்துட்டெண்டா நான் ஆருக்குப் பதில் சொல்ற? பெட்டரி கழட்டினாப் பறக்காதெண்டு எல்லாருந்தான் சொன்னாங்க. நான் வட்டவிதானை மிஸ். நம்பிக்கையில வேல செய்யிற ஆள் இல்ல, முறையில வேல செய்யிற ஆள்.

வட்டவிதானை எண்டா விளங்குதா? கொழும்புல இரிக்கிற ஆக்களுக்கு விளங்குறது கஷ்டந்தான். இந்தா தெரியிற முன்னூறு ஏக்கர் வயல் கண்டத்துக்கும் தண்ணி எப்ப வாற, எப்ப விதைக்கிற, மாட்டை எப்ப வெளிய ஏத்துற, எல்லாம் பாக்கிறது நான்தான். கமக்காரர் எல்லாரும் கூடி, கைய உசத்தி, மீராமுகைதீன்தான் வேணுமெண்டு எடுத்தாங்க. பதினஞ்சு வருசம் ஒரு பயல் எதிர்த்துக் கேட்டதில்ல. எங்கட முஸ்லிம் ஆக்களும் இரிக்காங்க, காரைதீவுத் தமிழாக்களும் இரிக்காங்க. வரம்புச் சண்டை, தண்ணிச் சண்டை, எதுவும் பொலிசுக்குப் போனதில்ல. இந்தக் காவல் வாடியிலயே இரிந்து தீர்த்து அனுப்பிருவன்.

சரி, விசயத்துக்கு வாறன். அது என்ட மருமகள்ற மெசின். மகன்ட பொஞ்சாதி இல்ல, என்ட தங்கச்சி ஸுஹைறாட மகள், நஜ்லா. கெம்பஸ்ல படிச்ச புள்ள. ஊர்ல எல்லாப் புள்ளயும் டீச்சர் வேலைக்கு நிக்கக்குள்ள இவள் வாப்பாட பழைய மோட்டர் சைக்கிள வித்து, உம்மாட காப்பையும் வித்து இதக் கொண்டுவந்து எறக்கினாள். ஒரு ஏக்கருக்கு மருந்தடிக்க ஏழு நிமிசம் மிஸ்! நாங்க முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு அரைநாள் அடிக்கிற வேல. எனக்குப் பெருமைதான். ஓம், பெருமை இல்லாம? மாமா நானில்லையா?

மெசின் வந்ததும் நானே எல்லா ஒபிசுக்கும் ஏறி இறங்கினன். இதுக்கு என்ன சட்டம் எண்டு கேட்டு. ஒரு ஒபிஸ்ல சொன்னாங்க, பறக்குது, அதால எங்கட வேலையில்ல. மத்த ஒபிஸ்ல சொன்னாங்க, மருந்தடிக்கிது, அதால எங்கட வேலையில்ல. மூணாவது ஒபிஸ்ல ஒரு தொரை, பாவம், நல்ல மனிசன், ரெண்டு கடுதாசியையும் ஒண்டாச் சேத்து பின் அடிச்சி எனக்கிட்டயே திருப்பித் தந்தாரு. சீலும் வெச்சித் தந்தாரு. அந்தச் சீலுக்கு என்ன அர்த்தமெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா. ஃபைல்ல வெச்சிரிக்கன், பாக்கிறீங்களா? சரி, பொறகு பாப்பம்.

அப்ப என்ன செய்யிற? முன்மாரி விதைப்புக்கு முந்தி கண்டத்துட ஆரம்பக் கூட்டம் வந்திச்சி. சபையில வெச்சன். இந்தச் சாமான எந்த விதிக்குள்ள எடுக்கிற? எங்களுக்கிட்ட இரிக்கிறதே மூணு விதிதான். மாட்டுக்கு ஒண்டு, ட்ரக்டருக்கு ஒண்டு, குருவிக்கு ஒண்டு. கனகசபாபதி அண்ணன் எழும்பி, எஞ்சின் இரிக்கி, அதால ட்ரக்டர் எண்டாரு. அப்ப சாரதி எங்க இரிக்காரு எண்டு கேட்டன். சாரதி வரம்புல குந்திக்கிட்டு ஃபோன நோண்டுறாரு. அது ட்ரக்டராகுமா? எங்கட செயலாளர் றவூப், செட்டை இரிக்கி, குருவிதான் எண்டாரு. குருவி விதியில குருவிய விரட்டுறது வயல்காரன்ட பொறுப்பு. அப்ப இது வந்தா நாங்க தகரம் தட்டணுமா? சிரிக்காதீங்க மிஸ், ஒண்டரை மணித்தியாலம் இதுக்குப் போச்சி. கடைசியில வாக்கெடுப்பு. மாட்டுக்கு முப்பத்தொண்டு, ட்ரக்டருக்குப் பத்தொம்பது, குருவிக்கு நாலு. மாடு வெண்டிச்சி.

பின்னேரம் யோசிச்சிப் பாத்தா அதுல ஒரு ஞாயமும் இரிக்கி. மாடும் சொந்தக்காரன்ட சொல்லுக் கேக்காது. மாடும் வரம்பு மதிக்காது.

மாட்டு விதி என்னெண்டு கேக்கிறீங்க. விதைச்ச பொறகு ஒருத்தர்ட மாடு மத்தவன்ட வயலுக்க எறங்கினா, பிடிச்சிக் கட்டவேணும். கொப்பியில பதியவேணும். பள்ளிவாசல்ல அறிவிக்கவேணும். கமிட்டி கூடி நட்டத்தைப் பாத்துத் தீர்ப்புச் சொல்ற வரைக்கும் அவுக்க ஏலா. அவ்வளவுதான். இந்தக் கண்டத்துல மாட்டுக்காரன் எவ்வளவு பெரிய ஆளெண்டாலும் இதுதான் விதி. மருமகளெண்டு விட்டா ஊர் என்ன கதைக்கும்?

அதான் நடந்திச்சி. விதைச்சுப் பதினாலாம் நாள், காலம்பொற, தங்கச்சிட வயலுக்குக் களைக்கு மருந்தடிக்க மெசினை ஏத்தினாள் நஜ்லா. தங்கச்சிட வயலும் என்ட வயலும் ஒட்டு. வாப்பாட காணி, ரெண்டாப் பிரிஞ்சது. அங்கால மூணு ஏக்கர் அவளுக்குச் சீதனம், இஞ்சால ரெண்டு ஏக்கர் எனக்கு. நான் வாடியில இரிந்து பாக்கிறன். போகுது, வருகுது, அழகாத்தான் இரிந்திச்சி. திடீரெண்டு வரம்பைத் தாண்டி என்ட வயலுக்க வந்திட்டு! வந்து, ஒரு ஓரமா நேர்கோடு பிடிச்சி, இந்த முனையில இரிந்து அந்த முனை வரைக்கும் மருந்தடிச்சிட்டுப் போகுது. திரும்பி வந்து மறுகாவும் அடிக்கிது. எவ்வளவு துணிச்சல்!

டேங்குக்கு மருந்து ஊத்த கீழ எறங்கக்குள்ள, விசிறி நிண்ட பொறகு, போய்க் காலுல கயித்தப் போட்டுட்டன்.

நட்டமா? நட்டம் இல்லாம? என்ட வயலுல அந்த ஓரத்துல இரிந்த களையெல்லாம் செத்துப் போச்சி மிஸ். ஓம், களைதான். நெல்லுக்கு ஒண்டுமில்ல, நெல்லு முந்தியவிட நல்லா இரிக்கி. ஆனா என்ட களைய என்ட அனுமதி இல்லாமக் கொல்ல ஆருக்கு உரிமை? நீங்க சட்டம் எழுதுற ஆள், நீங்களே யோசிங்க. இண்டைக்குக் களை, நாளைக்கு வேறென்ன?

எல்லாம் முறையாச் செஞ்சன். கொப்பியக் காட்டுறன், இந்தா. நிறம், வெள்ளை. கால், நாலு. கொம்பு, ஆறு. அந்த விசிறிக் கையெல்லாத்தையும் வேறெந்தக் கட்டத்துல எழுதுற? குறி, அந்த நம்பர், மெசின்ட வயித்துல ஒட்டியிரிக்கி. நாம்பனா பசுவா எண்ட இடத்த வெறுமையா விட்டிரிக்கன். அசறுத் தொழுகைக்குப் பொறகு பள்ளியில அறிவிப்புக் குடுத்தன். சொந்தக்காரி ஆரெண்டு ஊருக்கே தெரியும், ஆனா அறிவிக்கவேணுமெண்டு விதியிரிக்கே. மோதினார் கொப்பியில இரிந்தத அப்படியே வாசிச்சிட்டாரு. வெள்ளை நிறம், ஆறு கொம்பு எண்டு. பாலமுனையில இரிந்து ஒருத்தர் ஃபோன்ல கோல் எடுத்து, பெருநாள் குர்பானுக்குத் தருவீங்களா எண்டு கேட்டாரு.

தீனியும் குடுக்கிற. பிடிச்சிக் கட்டின மாட்டைப் பட்டினி போட ஏலா, அது மார்க்கத்துலயும் இல்ல, விதியிலயும் இல்ல. அதால பெட்டரிய ஊட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு நாளைக்கு ஒருக்காச் சார்ஜ் போடுறன். என்ட கரண்டு பில்லுல. என்ட பொஞ்சாதி ஏசுறாள், ஏசட்டும். மழை வந்தா மூட படங்கும் போட்டிரிக்கன். நஜ்லாட மெசினுல ஒரு கீறல் விழுந்திரிக்கெண்டு நீங்க காட்டுங்க பாப்பம்.

எத்தின நாளா? இண்டையோட ஒம்பது.

தெரியும் மிஸ், தெரியும். களைக்கு மருந்தடிக்கிறதுக்கு ஒரு காலம் இரிக்கெண்டு எனக்கு நீங்க சொல்லித் தர வேணுமா? அந்தக் காலம் போனா கோரை நெல்லுக்கு மேல வந்திரும். வந்திட்டுத்தான். அந்தா பாருங்க, அந்தப் பச்சையில பாதி நெல்லில்ல. மூணு பொம்புளைகள் குனிஞ்சி நிக்கிறாங்களே, கையால களை பிடுங்குறாங்க. ஓரமா நிக்கிறவள்தான் தங்கச்சி. டேங்கைக் கட்டி மருந்தடிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கல்ல, அவளே எறங்கியிரிக்காள். முழங்கால் வருத்தக்காரி. மூணு ஏக்கரையும் கையால பிடுங்கி முடிக்க ஏலா. இப்படியே போனா இந்தப் போகம் அவளுக்கு வெளச்சல் இல்ல. மற்றக் கமக்காரரும் நஜ்லாவக் கூப்பிடப் பயப்படுறாங்க, மெசினப் பிடிச்சிக் கட்டிருவாங்களெண்டு.

நான் என்ன செய்ய? விதி விதிதானே.

இல்ல, கமிட்டி கூடினது. கூடாம? நாலாம் நாள் கூடினது. நஜ்லா வந்தாள், கையில ஒரு கடுதாசியோட. மாமா, மெசின் பிழை விடல்ல, அதுக்குள்ள நான் போட்டது உம்மாட காணிப் பிளான், மெசின் அந்தக் கோட்டுலதான் போகும், வேணுமெண்டா அளந்து பாருங்க எண்டாள். சபையில பொம்புளப் புள்ள கதைக்கக் கூடாதெண்டு நான் சொல்லல்ல. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. நேரம் போச்சி எண்டு சலவாத்துச் சொல்லிக் கூட்டத்தை முடிச்சன். அடுத்த கூட்டத்துக்குத் திகதி இன்னும் வெக்கல்ல. எனக்கும் வேலையிரிக்கிதானே.

இப்ப நீங்க கேட்ட விசயத்துக்கு வருவம். புதுச் சட்டத்துக்கு என்ட ஆலோசனை. உங்கட அந்தப் படிவத்துல மிகவும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன் எண்டு கட்டம் போட்டிரிக்கீங்க, அது எங்களுக்குச் சரிவராது. நான் சொல்றன், நீங்க எழுதுங்க. ட்ரோனுக்கு மணி கட்டவேணும், சத்தம் கேட்டா வரம்புல நிக்கிறவன் விலகுவான். பிறகு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துல பறக்கக் கூடாது. கோயில் சடங்கு நாளையிலயும் கூடாது, கனகசபாபதி அண்ணன் சொன்னாரு. முக்கியமானது இதுதான், கீழ கோடு போட்டு எழுதுங்க. மெசினுக்குள்ள காணிப் பிளான் போடக் கூடாது. வரம்பைப் பாத்துத்தான் பறக்கவேணும்.

ஏனா? ஏனெண்டா… மனிசன் அப்படித்தானே போறான். முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டுப் போறவன் பிளான் பாத்தா மருந்தடிக்கிறான்? வரம்பு கண்டா நிப்பான். காலாகாலமா அப்படித்தான். பிளானெண்டது நாப்பது வருசத்துக்கு முந்தி காணி அளக்குற ஒரு சேவையர் வெயிலுக்குள்ள நிண்டு கீறினது. அந்த மனிசனுக்குத் தலை சுத்தியிரிந்தா? கடுதாசிய எலி கடிச்சிரிந்தா? வரம்பு அப்படி இல்லியே, கண்ணுக்கு முன்னால இரிக்கிது. எழுதினீங்களா? கோடு போடல்லியே.

என்ன அது, கையில? டெப்லட்டா? வானத்துல இரிந்து எடுத்த படமா, இந்த வயலையா? காட்டுங்க. அல்லா, வாடி தெரியிது! நாவல் மரமும் தெரியிது. இந்தச் சிவப்புக் கோடு என்ன? பிளானா? சரி. மஞ்சள் கோடு வரம்பு. ஓம் ஓம், விளங்குது. ரெண்டுக்கும் இடையில ஒரு பட்டி மாதிரி, நீளமா. அதுலதான் மெசின் மருந்தடிச்சிரிக்கி. ஓம். அப்ப மெசின் சிவப்புக் கோட்ட ஒரு அடிகூடத் தாண்டல்ல.

நல்ல படம். இதுக்கெல்லாம் சட்டம் இரிக்கா மிஸ்? ஒருத்தன்ட வயல அவன்ட்ட கேக்காம வானத்துல இரிந்து படம் எடுக்கிறதுக்கு?

இல்ல, இரிங்க, அளக்குற டேப்ப எடுக்காதீங்க. வெயிலுக்க எறங்க வேணாம், செருப்பெல்லாம் சேறாகும். பதினாலடி எட்டங்குலம்.

நான்தான் அளந்தன். நஜ்லா சொன்ன அண்டைக்குப் பின்னேரம். ஆக்கள் போன பொறகு.

மச்சான் மௌத்தாகி பன்னிரண்டு வருசம். அவரு இரிக்கக்குள்ள அந்த வரம்பை அவருதான் கட்டுறது. அவரு போன பொறகு தங்கச்சிக்கு ஆம்புளத் துணை இல்ல. நீ ஏன் காசு குடுத்து ஆள் பிடிக்கிற, கூடப் பொறந்த காக்கா நான் இரிக்கன், நானே கட்டித் தாறன் எண்டு சொன்னன். உண்மையா நல்ல மனசோடதான் சொன்னன், வல்லாஹி. மொதப் போகம் என்ட பக்கத்துல வரம்பைச் செதுக்கி, அவட பக்கத்துல சேத்தப் பூசினன். எல்லாரும் செய்யிறதுதான். ஒரு சாண்கூட இல்ல. அடுத்த போகமும் என்ட பக்கம் செதுக்கி, அவட பக்கம் பூசினன். கை பழகிட்டு. இருவத்திரண்டு போகம். ஒரு நாளும் களவெடுக்கிறன் எண்டு நான் நினைக்கல்ல மிஸ். வரம்பு கட்டிக் குடுக்கிறன் எண்டுதான் நினைச்சன்.

பிறகு நினைச்சன். ஓம், பிறகு நினைச்சன், ஏன் பொய் சொல்ல? வாப்பா பள்ளத்து வயல, தண்ணி நிக்கிற வயல அவளுக்குச் சீதனமாக் குடுத்தாரு. எனக்கு மேடு. மார்க்கப்படி ஆம்புளைக்கு ரெண்டு பங்கு, எங்கட ஊர்ப்படி பொம்புளைக்குத்தான் ஊடும் வயலும். நான் ஊர்ப்படி கையெழுத்துப் போட்டுட்டு, மம்பட்டியால மார்க்கப்படி எடுத்திரிக்கன். இப்படியொரு ஞாயத்த எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் படுத்து எழும்பினன்.

அதவிடக் கேவலம் ஒண்டு இரிக்கி. அந்தப் பட்டியில வெளயிற நெல்லு நல்ல நெல்லு, தண்ணி நிக்கிற இடம்தானே. அத வேறாக்கிக் குத்தி, ஒவ்வொரு நோம்புக்கும் தங்கச்சிக்கு ஒரு மூடை அரிசி ஹதியாவாக் கொண்டுபோய்க் குடுப்பன். விதவைக்குக் குடுத்தா நன்மையெண்டு. அவள் வாசல்ல நிண்டு, காக்காட கையில பறக்கத்து இரிக்கட்டும் எண்டு துஆ செய்வாள். நானும் ஆமீன் சொல்லுவன்.

நேத்து லுஹருக்குப் பொறகு வந்தாள், இந்த வாடிக்கு. சோறு கட்டிக் கொண்டு வந்தாள், எந்த நாளும் போல. மெசினக் கட்டின நாளையில இரிந்து ஒரு நாளும் சோறு நிக்கல்ல. நான் திண்டு முடிச்சன். சட்டியக் கழுவிக் கவுட்டுட்டுச் சொன்னாள், காக்கா, நீங்க செதுக்குறது எனக்கு மொதப் போகத்துலயே தெரியும், எல்லைக்கு அவரு நட்ட கல்லு எங்க இரிந்ததெண்டு எனக்குத் தெரியாதா, கேட்டா நீங்க ஊட்டுக்கு வாறத்த விட்டிருவீங்க எண்டுதான் கேக்கல்ல, புள்ளைக்கும் நான் சொல்லல்ல, அவள் பிளானத்தான் பாத்தாள் எண்டு. அவ்வளவுதான். ஏசல்ல, அழல்ல. மெசினத் தா எண்டுகூடக் கேக்கல்ல. ஏசியிரிந்தா நானும் நாலு கதை கதைச்சிருப்பன்.

ராத்திரி கண்ணு மூடல்ல மகள். மெசினுக்கு எந்தச் சட்டமெண்டு நீங்க கொழும்புல பெரிய ஆக்கள் இரிந்து எழுதுங்க, நல்லா எழுதுங்க. எனக்கு இருவத்திரண்டு போகமா ஒரு சட்டமும் இல்ல, ஏனெண்டா சட்டத்த வெச்சிரிந்தது நான்.

எழும்பிட்டீங்களா? இரிங்க, நானும் வாறன். கயித்த அவுத்திட்டன், பாருங்க. பெட்டரியும் முழுசாச் சார்ஜ் இரிக்கி. இன்னும் ரெண்டு மூணு நாளைக்குள்ள அடிச்சா கோரையில பாதியாவது கருகும், அவட நெல்லு தப்பும். நஜ்லாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்க, என்ட கோல அவள் தூக்கமாட்டாள்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்க. இந்த வரம்பால நீங்க முன்னால போங்க, நான் மெசினத் தூக்கிக்கிட்டுப் பின்னால வாறன். தனியப் போனா தங்கச்சி என்னக் கண்டதும் நிமிர்ந்து, காக்கா சாப்பிட்டீங்களா எண்டு கேப்பாள். கேட்டாளெண்டா நான் ஓமெண்டுட்டுத் திரும்பி வந்திருவன்.